சராசரி எடுப்பதும் ஒரு வாக்கெடுப்பு விதிதான்

கேள்வி இது: செயற்கை நுண்ணறிவு ஒருதலைப்பட்சமாக நடக்கிறது என்ற புகார் எழும்போதெல்லாம், "பலரிடம் கருத்துக் கேட்டு, பெரும்பாலோர் சொல்வதுபோல் அதை நடக்க வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே, இதில் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேர்மையான கேள்வி, பலர் கருத்தை ஒரே முடிவாகத் திரட்டும் வழிகளை ஆராயும் இந்தத் துறைக்குள் வருகிற மாணவர்கள் பலரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். பலருடைய கருத்துகள் ஒரே முடிவாகத் திரள வேண்டுமானால் இடையில் ஒரு விதி வேண்டும். அந்த விதியை மாற்றினால், ஒருவர்கூடத் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாதபோதும் முடிவு மாறிவிடும். எந்த விதி எந்த வகையான முடிவைத் தரும், எந்த நற்குணங்கள் ஒரே விதியில் சேர்ந்திருக்க முடியும், எவை சேரவே முடியாது என்பதை நிறுவுவதுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி.

ஒரு மொழி மாதிரியை, அதாவது கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு அமைப்பை, பயிற்றுவிக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் தமக்கு வந்திருக்கும் கடுமையான நோயைப் பற்றி அதனிடம் கேட்கிறார். அது மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். நோயின் போக்கு, பிழைக்கும் வாய்ப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்வது ஒன்று. இதை முழுப்பதில் என்போம். அடிப்படைச் செய்திகளை மட்டும் பக்குவமாகச் சொல்லி, மேலும் அறிய விருப்பமா என்று கேட்பது இன்னொன்று, இது மென்பதில். மருத்துவரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது மூன்றாவது, இது மறுப்பு. 100 பேரிடம் கருத்துக் கேட்கிறோம். 60 பேருக்கு முழுப்பதில் முதலிடம், மென்பதில் இரண்டாமிடம், மறுப்பு கடைசி. மீதி 40 பேருக்கு மென்பதில் முதலிடம், மறுப்பு இரண்டாமிடம், முழுப்பதில் கடைசி.

பயிற்சியின்போது மதிப்பீட்டாளர்களிடம் பெரும்பாலும் இரண்டிரண்டு பதில்களைக் காட்டி, எது மேல் என்று கேட்பார்கள். 100 பேரும் மூன்று இணைகளையும் பார்த்துவிட்டதாக வைத்துக்கொண்டு வெற்றிகளை எண்ணிப் பாருங்கள். முழுப்பதில் மென்பதிலை 60 முறையும் மறுப்பை 60 முறையும் வெல்கிறது, ஆக 120. மென்பதில் முழுப்பதிலை 40 முறைதான் வெல்கிறது, ஆனால் 100 பேருமே மறுப்பை அதற்குக் கீழே வைத்திருப்பதால் அங்கே 100 வெற்றிகள், ஆக 140. மறுப்புக்கு 40. இந்தத் தரவை வைத்து மதிப்பெண் கொடுக்கும் மாதிரியைப் பொருத்தினால் மென்பதிலுக்கே மிகுந்த மதிப்பெண் கிடைக்கும். நேருக்கு நேர் நிறுத்தினால் 100க்கு 60 பேர் முழுப்பதிலையே விரும்புகிறார்கள் என்றாலும், மொழி மாதிரி கற்றுக்கொள்வது மென்பதிலைத்தான்.

இப்போது பட்டியலிலிருந்து மறுப்பை எடுத்துவிடுங்கள். அதை முதலிடத்தில் வைத்தவர் ஒருவருமில்லை. எப்படியும் அது வெல்லப்போவதில்லை. எடுத்தவுடன் மிஞ்சுவது ஒரே ஒப்பீடு. முழுப்பதில் 60க்கு 40 என்று வென்றுவிடுகிறது. யாருக்கும் முதல் தேர்வாக இல்லாத ஒரு பதிலை ஒப்பீட்டுக்குள் வைப்பதா வேண்டாமா என்பதே வெற்றி தோல்வியை நிர்ணயித்திருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர், தாம் ஒரு தேர்தலின் முடிவைத் தீர்மானிக்கிறோம் என்று நினைத்திருக்கவே மாட்டார். வகுப்பில் இந்த எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினால், அதுவரை இதைப் பொறியியல் விவரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மதிப்பெண் கொடுக்கும் இந்த மாதிரிக்கு அடிப்படை, பிராட்லியும் டெர்ரியும் 1952இல் வெளியிட்ட ஒப்பீட்டு முறை. மனிதர்களின் இணை ஒப்பீடுகளிலிருந்து வெகுமதியைக் கற்கும் வழியை கிறிஸ்டியானோவும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் ஆழ்கற்றலுக்குள் கொண்டுவந்தபோது இந்த முறையே கைகொடுத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளார்ந்த தரம் என ஒன்று உண்டு, மதிப்பீட்டாளர்களின் வேறுபாடு வெறும் தற்செயல் இரைச்சல் என்பது அதன் எடுகோள். சதுரங்க ஆட்டக்காரர்களைத் தரப்படுத்த அது பொருந்தும். ஆனால் மேலே சொன்ன 60 பேரும் 40 பேரும் ஒரே உண்மையை மங்கலாகப் பார்த்தவர்கள் அல்லர். உண்மையிலேயே வெவ்வேறு விருப்பம் உடையவர்கள். அந்த வேறுபாட்டை இரைச்சல் என்று கருதிப் பொருத்தும்போது, வெளிவருவது, ஒவ்வொரு தேர்வும் மற்றவற்றை எத்தனை முறை முந்தியது என்று எண்ணிக் கூட்டும் போர்டா எண்ணிக்கை என்ற பழைய வாக்கெடுப்பு விதியின் முடிவுதான் என்று சித்தரஞ்சன், லெய்ட்லா, ஹாட்ஃபீல்ட்-மெனெல் ஆகியோர் 2023இல் நிறுவினார்கள். பிரெஞ்சு அறிஞர் போர்டா இந்த விதியை அந்நாட்டு அறிவியல் கழகத்தின் முன் வைத்தது 1770இல். இன்றைய நரம்பு வலையமைப்பின் பயிற்சிக்குள் யாரும் பெயர் சொல்லாமல் அந்த விதி இயங்கிக்கொண்டிருக்கிறது.

மென்பதில் வென்றது தவறு என்று நான் வாதிடவில்லை. அது யாருக்கும் கடைசித் தேர்வு அல்ல; 40 பேர் வெறுக்கும் ஒன்றைவிட எல்லாரும் ஏற்கக்கூடிய ஒன்று மேல் என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. பெரும்பான்மை நேரடியாக விரும்புவதே வெல்ல வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. எந்த விதி என்பதை ஒருவரும் முடிவெடுக்காமலேயே ஒரு விதி முடிவெடுத்துவிட்டது என்பதுதான் எனக்கு ஏற்க முடியாதது.

பெரும்பான்மைக்கே போய்விடலாமே என்றால், அந்த வழியை மறித்து நிற்பவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோண்டர்சே. 1785இல் அவர் காட்டியது இது: மூவரில் ஒருவர் அ, ஆ, இ என்ற வரிசையிலும், மற்றவர் ஆ, இ, அ என்றும், மூன்றாமவர் இ, அ, ஆ என்றும் விரும்பினால், அ ஆவை 2க்கு 1 என்று வெல்லும், ஆ இயை வெல்லும், இ அவை வெல்லும். தனி மனிதர் மூவருமே தெளிவாகத்தான் சிந்திக்கிறார்கள். கூட்டாக எடுக்கும் முடிவு மட்டும் வட்டமடிக்கிறது. 1951இல் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ இதைப் பொதுமைப்படுத்தினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது, எல்லாரும் ஒருமனதாக விரும்புவதை மதித்து, இரண்டு தேர்வுகளுக்கு இடையிலான முடிவை மூன்றாவது ஒன்று பாதிக்காதவாறு காத்து, எந்த விருப்ப வரிசையையும் ஏற்றுக்கொண்டு, முரணில்லாத ஒரு பொது வரிசையைத் தரும் விதி, ஒரே ஒருவரின் விருப்பத்தை அப்படியே பின்பற்றும் சர்வாதிகார விதியாக மட்டுமே இருக்க முடியும். மறுப்பைச் சேர்த்ததும் முடிவு புரண்டதே, அது இந்த நிபந்தனைகளில் இரண்டாவதன் மீறல். கிபர்டும் (1973) சாட்டர்த்வெய்ட்டும் (1975) இன்னொரு கதவையும் சாத்தினார்கள்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகளில் எதுவும் வெல்லக்கூடும் என்ற நிலையில், சர்வாதிகாரமும் சீட்டுக் குலுக்கலும் இல்லாத எந்த விதியிலும், தம் உண்மையான விருப்பத்தை மறைத்து வாக்களித்து ஒருவர் ஆதாயம் பெறும் சூழல் ஏதேனும் ஒன்று இருந்தே தீரும்.

இந்தப் பொருளாதாரக் கோட்பாட்டுக்குள் கணினி அறிவியல் வந்து சேர்ந்ததற்கு இந்த இரண்டாவது முடிவே ஒரு காரணம். பார்தோல்டி, டோவி, டிரிக் ஆகிய மூவரும் 1989இல், சூழ்ச்சியாக வாக்களிப்பது சாத்தியம்தான் என்றாலும் எப்படி வாக்களித்தால் பலிக்கும் என்று கணக்கிடுவது கணினிக்கே கடினமாக இருக்கும் விதிகள் உண்டு என்று காட்டினார்கள். கணக்கீட்டின் கடினத்தையே ஒரு காவலாகப் பயன்படுத்தலாம் என்பது புது யோசனை. பிற்பாடு அந்த நம்பிக்கை தளர்ந்தது. மிக மோசமான நிலையில் கடினமாக இருப்பது வழக்கமான நிலையில் கடினமாக இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது என்று தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின. அதே ஆண்டில் அவர்கள் நிறுவிய இன்னொன்று தளராமல் நிற்கிறது: சில விதிகளின்கீழ் யார் வென்றார் என்று கண்டுபிடிப்பதே கடினம். வெற்றியாளரைச் சொல்ல முடியாத தேர்தலை யார் ஏற்பார்கள்? ஒரு விதி நியாயமானதா என்று கேட்பதோடு, அதைக் கணக்கிட முடியுமா, சாதாரண மனிதருக்கு விளக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

கூட்டு முடிவு என்றாலே முட்டுச்சந்துதான் என்று நினைத்துவிடக் கூடாது. அதே கோண்டர்சே அதே நூலில் நம்பிக்கை தரும் ஒரு தேற்றத்தையும் தந்தார். சரியான விடை என ஒன்று இருக்கும் கேள்விக்கு ஒவ்வொருவரும் 100க்கு 60 முறை சரியாகச் சொல்பவர் என்று கொள்வோம். மூவரின் பெரும்பான்மை முடிவு 64.8 விழுக்காடு சரியாக இருக்கும். ஐவருடையது ஏறத்தாழ 68.3, 101 பேருடையது 97ஐத் தாண்டிவிடும். பல மொழி மாதிரிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பெரும்பான்மையை எடுக்கும் இன்றைய வழக்கம் இந்தத் தேற்றத்தின் நிழலில்தான் நிற்கிறது. ஆனால் ஒருவரின் பிழை மற்றவரின் பிழையோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும் என்பது தேற்றத்தின் முதுகெலும்பு. ஒரே இணையத் தரவைப் படித்து வளர்ந்த பத்து மாதிரிகள் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், பத்து வாக்கு இருப்பதுபோல் தெரிந்தாலும் விழுந்திருப்பது கிட்டத்தட்ட ஒரே வாக்கு. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரைப் பல நிறுவனங்களும் ஒரே மதிப்பீட்டு அல்காரிதத்தால் வடிகட்டினால் என்ன ஆகும் என்று கிளைன்பெர்க்கும் ராகவனும் 2021இல் ஆராய்ந்ததும் இதே கவலையால்தான்: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாகப் பார்த்தால் துல்லியமாக இருக்கும் கருவி, எல்லாரும் அதையே பயன்படுத்தும்போது மொத்தத் தேர்வின் தரத்தைக் குறைத்துவிடக் கூடும்.

இதுவரை சொன்னது கருத்துகளைத் திரட்டுவது பற்றி. "நியாயம்" என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது வேறு ஒரு வழக்கு. 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி அமைப்பு, அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் பிராவர்ட் கவுன்டியில் பயன்பட்ட காம்பஸ் என்ற கருவியை ஆராய்ந்தது. கைதான ஒருவர் மீண்டும் குற்றம் செய்யக்கூடுமா என்று மதிப்பிடும் கருவி அது. மீண்டும் குற்றம் செய்யாதவர்களில், ஆபத்தானவர் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் கறுப்பினத்தவரிடையே 44.9 விழுக்காடு, வெள்ளையரிடையே 23.5 விழுக்காடு. கருவியை உருவாக்கிய நிறுவனம் மறுத்தது: ஆபத்தானவர் என்று சொல்லப்பட்டவர்களில் உண்மையிலேயே மீண்டும் குற்றம் செய்தவர்களின் விகிதம் இரு இனத்தவரிடையேயும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே பாகுபாடு இல்லை என்றது. இருவருமே தங்கள் கணக்கில் உண்மையைத்தான் சொன்னார்கள்.

இது எப்படி முடியும் என்று சிறு எண்களில் பார்க்கலாம். இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் 100 பேர். முதல் குழுவில் 50 பேர் மீண்டும் குற்றம் செய்வார்கள். இரண்டாவதில் 20 பேர். கருவி இரண்டு குழுக்களிலும் அவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கிறது. முத்திரை குத்தப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் உண்மையில் குற்றம் செய்பவர்களாகவும் இருக்கிறார்கள். அப்படியானால் முதல் குழுவில் முத்திரை பெற்றவர்கள் 50 பேர். அவர்களில் 40 பேர் விஷயத்தில் கணிப்பு சரி, 10 பேர் குற்றமற்றவர்கள். அந்தக் குழுவின் குற்றமற்றவர்கள் 50 பேரில் 10 பேர், அதாவது 20 விழுக்காடு, வீணாகத் தண்டனைக்கு உள்ளாகிறார்கள். இரண்டாவது குழுவில் முத்திரை பெற்றவர்கள் 20 பேர், அவர்களில் 4 பேர் குற்றமற்றவர்கள். 80 பேரில் 4 பேர் என்றால் 5 விழுக்காடு. இரண்டு அளவுகோல்களில் துல்லியமான சமத்துவம். மூன்றாவதில் நான்கு மடங்கு ஏற்றத்தாழ்வு. கருவியைத் திருத்தி எழுதினாலும் இது தீராது. குழுக்களின் அடிப்படை விகிதம், அதாவது மீண்டும் குற்றம் செய்பவர்களின் விகிதம், வேறாக இருந்து, கணிப்பும் முழுமையாகப் பிழையற்றதாக இல்லாதவரை, இத்தகைய அளவுகோல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேறவே முடியாது என்று கிளைன்பெர்க், செந்தில் முல்லைநாதன், ராகவன் ஆகியோர் 2016இலும், தனியாகச் சவுல்டெகோவா 2017இலும் நிறுவினார்கள்.

இந்தத் தேற்றத்தை, "எல்லாம் சமரசம்தான், எதையும் செய்துகொள்ளலாம்" என்று சொல்லச் சிலர் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது தவறாகவே படுகிறது. குற்றமற்றவர் சிறையில் இருப்பதும் கணிப்பின் துல்லியம் சற்றே குறைவதும் ஒரே தட்டில் வைக்கும் எடைகள் அல்ல. எந்த அளவுகோல் முன்னால் வர வேண்டும் என்பதை, அந்த முடிவால் பாதிக்கப்படுபவர் யார் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேலும், அடிப்படை விகிதம் என்று நாம் அழைப்பதே மீண்டும் கைதானவர்களின் கணக்கு. குற்றம் செய்தவர்களின் கணக்கு அல்ல. ஒரு பகுதியில் காவல் அதிகமானால் கைதும் அதிகமாகும். 2019இல் ஓபர்மேயரும் உடன் ஆய்வாளர்களும் இதே வகைக் கோளாற்றை மருத்துவத் துறையில் கண்டுபிடித்தார்கள். நோயாளிகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று கணிக்க வேண்டிய ஓர் அல்காரிதம், தேவையை அளக்க முடியாததால் மருத்துவச் செலவைக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்கு அதே அளவு நோய்க்கும் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது முடிவு கட்டியது. அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, எதை அளக்கிறோம் என்பதில் நியாயம் தவறிவிடலாம்.

மீண்டும் அந்த 60, 40க்கு வருகிறேன். ஒரே பதிலுக்குப் பதிலாக 10 பொது விதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வையுங்கள். 60 பேர் ஒரு பத்து விதிகளையும் 40 பேர் முற்றிலும் வேறான பத்தையும் ஏற்கிறார்கள். அதிக வாக்கு பெற்றவை வெல்லும் என்றால் பத்துமே 60 பேருடையவை. 40 பேருக்கு ஒன்றுகூட இல்லை. டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர் தீலே 1895இலேயே இதற்கு ஒரு வழி சொன்னார்: ஒரு வாக்காளருக்குக் கிடைக்கும் முதல் விதிக்கு 1, இரண்டாவதற்கு 1/2, மூன்றாவதற்கு 1/3 என்று மதிப்புக் குறைந்துகொண்டே போகட்டும், மொத்த மதிப்பு மிக அதிகமாக வரும் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கட்டும். கணக்கிட்டால் 6 விதிகள் முதல் தரப்புக்கும் 4 விதிகள் மற்ற தரப்புக்கும் போய்ச் சேரும். நூறாண்டுக்கும் மேலாகப் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்த இந்த விதி, அசீஸ், பிரில், கோனிட்சர், எல்கிண்ட், ஃப்ரீமன், வால்ஷ் ஆகியோர் 2015இல் வகுத்த ஒரு நிபந்தனையால் புத்துயிர் பெற்றது. போதிய எண்ணிக்கையுள்ள, ஒத்த கருத்துள்ள ஒரு குழு முற்றிலும் கைவிடப்படக் கூடாது என்பது அதன் சாரம். எளிதாகச் சொல்லக்கூடிய இந்தக் கோரிக்கையை வழக்கமான பல விதிகள் மீறுகின்றன. தீலேயின் விதி மீறுவதில்லை.

அதற்குப் பின் பீட்டர்ஸும் ஸ்கோவ்ரோனும் 2020இல் உருவாக்கிய சமபங்கு முறை காகிதத்தோடு நின்றுவிடவில்லை. பொதுப்பணத்தில் ஒவ்வொரு வாக்காளருக்கும் சமமான பங்கைக் கணக்கில் கொடுத்து, ஒரு திட்டத்தை ஆதரிப்பவர்கள் அதன் செலவைத் தங்கள் பங்குகளிலிருந்தே பகிர்ந்துகொள்ளச் செய்வது அந்த முறை. தன் பங்கைச் செலவழித்துவிட்ட பெரும்பான்மை, மீதிப் பணத்தையும் தன் பக்கம் இழுக்க முடியாது. 2023இல் போலந்தின் வியெலிச்கா நகரும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரும் மக்கள் பங்கேற்கும் வரவுசெலவுத் திட்டங்களை இந்த முறையில் முடிவுசெய்தன. ஆண்டுக்கணக்கில் என்ன ஆராய்கிறார்கள் என்று கேட்டவருக்கு நான் முதலில் காட்ட விரும்பும் சான்று இதுதான். தேற்றமாகத் தொடங்கிய ஒன்று, எந்தத் திட்டத்துக்குப் பணம் போகிறது என்பதை மூன்றே ஆண்டுகளில் மாற்றியிருக்கிறது.

பொருள்களைப் பங்கிடுவதிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். இருவர் ஒரு வீடு, ஒரு கார், ஒரு நூல்தொகுப்பு ஆகியவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாமவர் 100 புள்ளிகளை 60, 30, 10 என்று இவற்றுக்குத் தருகிறார்; இரண்டாமவர் 50, 20, 30 என்று தருகிறார். மொத்த மகிழ்ச்சியைக் கூட்டிப் பார்த்து மிகப் பெரிய தொகையைத் தேடினால், வீடும் காரும் முதலாமவருக்கு, நூல்கள் மட்டும் இரண்டாமவருக்கு: 90ம் 30ம், மொத்தம் 120. கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கினால், வீடு முதலாமவருக்கும் காரும் நூல்களும் இரண்டாமவருக்கும் போகும்: 60ம் 50ம், பெருக்கற்பலன் 3,000, முந்தைய பங்கீட்டின் பெருக்கற்பலன் 2,700தான். இரண்டாவது பங்கீட்டில் மற்றவரின் பங்கைப் பார்த்து ஏங்க இருவருக்குமே காரணம் இல்லை. கூட்டலுக்குப் பதில் பெருக்கல் என்ற இந்தச் சிறு மாற்றத்துக்கு எவ்வளவு வலிமை என்பதை கராகியானிஸ், புரோகாச்சியா முதலானோர் 2016இல் காட்டினார்கள். பெருக்கற்பலனைப் பெரிதாக்கும் பங்கீட்டில் எவருக்கேனும் பொறாமை மிஞ்சினாலும், மற்றவரின் பங்கிலிருந்து ஏதோ ஒரு பொருளை நீக்கினால் அது மறைந்துவிடும். அதோடு, யாருக்கும் இழப்பில்லாமல் இன்னொருவரின் நிலையை உயர்த்தும் வழியும் அங்கே மிஞ்சியிருக்காது. பயிற்சியில் பிழைகளின் சராசரியைக் குறைப்பதே கூட்டல் வழிதான் என்பதை இயந்திரக் கற்றலில் இருப்பவர்கள் இங்கே கவனிக்கலாம். எண்ணிக்கையில் சிறிய குழுவின் துன்பம் சராசரியில் கரைந்துபோவது அதனால்தான்.

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு இன்னும் வரவில்லை. பொதுப் பிரச்சினைகளை விவாதிக்கக் குலுக்கல் முறையில் அமைக்கப்படும் குடிமக்கள் மன்றங்களுக்காக ஆயிரக்கணக்கானோருக்கு அழைப்பு அனுப்பினாலும் முன்வருபவர்கள் சிலரே. அவர்களும் பெரும்பாலும் படித்தவர்களாகவும் நேரம் உள்ளவர்களாகவும் இருப்பார்கள். வயது, பாலினம், கல்வி ஆகியவற்றுக்கு ஒதுக்கீடு வைத்துக் குலுக்கினால் மன்றம் சமூகத்தைப்போல் தோன்றும், ஆனால் தனி மனிதரின் வாய்ப்பு தாறுமாறாகிவிடும். பழைய வழிமுறைகளில் சிலருக்குத் தேர்வாகும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருந்தது. ஃப்ளானிகன், கோல்ஸ், குப்தா, ஹென்னிக், புரோகாச்சியா ஆகியோர் 2021இல் நேச்சர் இதழில் வெளியிட்ட அல்காரிதம், ஒதுக்கீடுகளைக் காத்துக்கொண்டே மிகக் குறைந்த வாய்ப்புள்ளவரின் வாய்ப்பை இயன்றவரை உயர்த்துகிறது. மொழி மாதிரிகளுக்கு மதிப்பீடு தருபவர்கள் இத்தகைய எந்தக் குலுக்கலும் இல்லாமல், ஒப்பந்த வேலையாகத் திரட்டப்படுவதே வழக்கம். அவர்களின் விருப்பத்தைத்தான் "மனித விருப்பம்" என்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகின்றன. அந்தச் சொல்லை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

மக்களை நேரடியாகக் கேட்ட முயற்சிகளும் நடந்திருக்கின்றன. தானியங்கி வாகனம் விபத்தைத் தவிர்க்க முடியாதபோது யாரைக் காக்க வேண்டும் என்று கேட்ட மாரல் மெஷின் ஆய்வு, 2018இல் வெளியானபோது ஏறத்தாழ 4 கோடி தீர்ப்புகளைத் திரட்டியிருந்தது. அந்தத் தரவில் சுமார் 13 லட்சம் பேருடையதை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்ப மாதிரியைக் கற்று, அவற்றைக் கூட்டி முடிவெடுக்கும் அமைப்பை நூதிகட்டுவும் உடன் ஆய்வாளர்களும் அதே ஆண்டில் வடிவமைத்தார்கள். கணித வகையில் அழகான வேலை. ஆனால் முதியவரைவிட இளையவரைக் காப்பாற்று என்று பலர் ஒரு திரையில் பொத்தானை அழுத்தியது, அப்படிச் செய்ய உரிமை உண்டு என்பதற்கு ஆதாரம் ஆகாது. வாக்குக்கு விடக் கூடாத கேள்விகளும் உண்டு என்பதை எந்த வாக்கு விதியும் தானாகச் சொல்லாது.

எனக்கு நம்பிக்கை தந்த முயற்சி அளவில் மிகச் சிறியது. 2019இல் லீயும் உடன் ஆய்வாளர்களும் பிட்ஸ்பர்க் நகரில், மிஞ்சும் உணவைத் தேவையுள்ள அமைப்புகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தோடு வேலை செய்தார்கள். உணவு தருபவர்கள், பெறுபவர்கள், வண்டியோட்டும் தன்னார்வலர்கள், அலுவலர்கள் ஆகியோருடன் நீண்ட நேரம் பேசி, ஒவ்வொருவரின் மனப்போக்குக்கும் ஒரு மாதிரியை உருவாக்கி, அதை அவர்களிடமே காட்டி "இது உங்களைப்போல் முடிவெடுக்கிறதா?" என்று கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு நன்கொடைக்கும் அந்த மாதிரிகள் போர்டா முறையில் வாக்களித்தன. அதே போர்டா விதிதான். ஆனால் இங்கே அது தெரிந்து தேர்ந்தெடுக்கப்பட்டது, பெயர் சொல்லி விளக்கப்பட்டது, ஒவ்வொரு தரப்பின் வாக்குக்கும் எவ்வளவு எடை என்பதையும் பங்கேற்றவர்களே விவாதித்து முடிவுசெய்தார்கள்.

பெரிய மொழி மாதிரிகளுக்கு இதை விரிவாக்கும்போது புதுச் சிக்கல்கள் முளைக்கின்றன. 2023இல் ஆந்த்ரோபிக் நிறுவனமும் கலெக்டிவ் இன்டெலிஜென்ஸ் ப்ராஜெக்ட் அமைப்பும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 அமெரிக்கர்களிடம், ஒரு மாதிரி பின்பற்ற வேண்டிய கொள்கைகள் எவை என்று கேட்டு, அவர்கள் எழுதி வாக்களித்தவற்றைக் கொண்டு ஒரு மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். தனித்தனி வாக்கியங்களுக்கு வாக்கு எடுக்கும்போது பழைய ஒரு புதிர் காத்திருக்கிறது. "இந்தச் செய்தி உண்மை", "உண்மையானால் சொல்லலாம்" என்ற இரண்டையும் ஒருவர் ஏற்கிறார்; மற்றவர் முதலாவதை மட்டும் ஏற்கிறார்; மூன்றாமவர் இரண்டாவதை மட்டும் ஏற்கிறார். இரண்டு வாக்கியங்களுக்கும் பெரும்பான்மை உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்து ஏற்று, "ஆகவே சொல்லலாம்" என்ற முடிவுக்கு வருபவர் ஒருவரே. லிஸ்ட்டும் பெட்டிட்டும் 2002இல், இத்தகைய தீர்ப்புகளை வாக்கியம் வாக்கியமாகத் திரட்டுவதற்கும் ஆரோவின் தேற்றத்தை ஒத்த ஒரு தடை உண்டு என்று நிறுவினார்கள். ஒவ்வொரு விதியும் பெரும்பான்மையின் ஒப்புதல் பெற்றது என்பதால் மொத்தத் தொகுப்பும் ஒப்புதல் பெற்றதாகிவிடாது.

ஃபிஷ், கோல்ஸ் முதலானோர் 2023இல் முன்வைத்த வழி இதிலிருந்து வேறுபடுகிறது. தயாரான வாக்கியங்களுக்கு வாக்குக் கேட்காமல், மக்கள் எழுதிய கருத்துகளைப் படித்து, ஒரு பெரிய குழுவை நன்றாகப் பிரதிபலிக்கும் புதிய வாக்கியத்தை மொழி மாதிரியே எழுதட்டும். அப்படி எழுதிய சில வாக்கியங்களின் தொகுப்பில் ஒவ்வொரு கணிசமான குழுவுக்கும் இடம் கிடைக்கிறதா என்பதை மேலே சொன்ன பிரதிநிதித்துவ நிபந்தனைகள் காவல் காக்கட்டும் என்பது அவர்கள் யோசனை. 60 பேருக்கும் 40 பேருக்கும் நடுவில் வெற்றியாளர் ஒருவரைத் தேடாமல், இரு தரப்பின் குரலையும் அளவறிந்து பதிவுசெய்யும் வழி இது. நோயாளிக்குப் பதில் சொல்லும் மாதிரி, எதிரே இருப்பவர் எந்த வகையினர் என்று கேட்டறிந்து அதற்கேற்பப் பேசலாம். அங்கே ஒரே முடிவு வேண்டிய கட்டாயம் இல்லை. ஜாமீன் தரும் நீதிமன்றத்துக்கோ உறுப்பு மாற்றுக்கான வரிசைக்கோ அந்த வசதி கிடையாது. அங்கே எல்லாருக்கும் ஒரே விதிதான் இருக்க முடியும். அடுத்த முறை ஒரு நிறுவனம் "மக்களின் கருத்தைக் கேட்டுப் பயிற்றுவித்தோம்" என்று அறிவிக்கும்போது, யாரைக் கேட்டீர்கள், எவற்றை எவற்றோடு ஒப்பிடச் சொன்னீர்கள், எந்த விதியால் திரட்டினீர்கள், அந்த 40 பேருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அவற்றுக்குப் பதில் சொல்லத் தேவையான கணிதம் இன்று இருக்கிறது.